துணிக்கிடங்கில் கேட்ட கேள்வி

போன வாரத்திலிருந்து அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டிருந்தன.

நாத்தனார் டம்ளரை மேடையில் வைக்கும் சத்தத்தில் 'உன் கையால் போட்ட காபி எனக்கு வேண்டாம்' என்பது இருந்தது. அவள் தம்பி மனைவி 'பட்டாணி' பாத்திர மூடியை எடுத்துப் போடும் சத்தத்தில் 'வேண்டாமென்றால் போங்கள்' என்பது இருந்தது. நடுவில் உட்கார்ந்து, எந்தப் பக்கமும் தலையைத் திருப்பாமல் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான் ஒருவன். முதலாமவளுக்குத் தம்பி. இரண்டாமவளுக்குக் கணவன். பாவப்பட்ட பதவி.

'பட்டாணி' என்பது, கல்யாணமாகி வந்த புதிதில் அவள் உருவத்தைப் பார்த்து நாத்தனார் செல்லமாக வைத்த பெயர். இப்போது அந்தப் பெயர் நாத்தனார் வாயில் வருவதே இல்லை.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. இன்னைக்கு மூணாம் நம்பர் இஸ்திரி உருளையைத் திரும்ப ஓட்டுறாங்க. மடிக்க ஆள் வேணும். வகுப்பு கிகுப்புன்னு பாதியில போகக் கூடாது."

"அக்கா, அவ இங்கதானே நிக்கிறா."

"கண்ணு தெரியுது எனக்கு. அதான் உன்கிட்ட சொல்றேன்."

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க," என்றாள் பட்டாணி சுவரைப் பார்த்து. "இன்னைக்குக் கடைசி வகுப்பு. மேனேஜரே வர்றாரு. நான் போவேன்."

தம்பி ரொட்டியைக் கீழே வைத்தான். "நான் முதல்ல போய் வண்டியை எடுக்கறேன்," என்று எழுந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமாதானம் அதுதான்.

மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மலை மலையாக வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலை. நாத்தனார் காலை ஷிப்டின் சூப்பர்வைசர். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் குரல் எடுபடாது என்று கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஆலையில் அவளுக்குப் பெயரே 'விசில்'தான். பட்டாணிக்குத் துணி மடிக்கும் பிரிவு. தம்பி, வெளுத்த துணிகளைக் கொண்டுபோய் இறக்கும் வேன் டிரைவர்.

சண்டை வந்தது அந்த வகுப்பால்தான். ஒவ்வொரு பிரிவிலும் ஓரிருவரைக் கூப்பிட்டு, ஒரு நர்ஸை வைத்து மனநல முதலுதவி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கை வெட்டுப்பட்டால் டாக்டர் வரும்வரை கட்டுப்போட்டு வைப்பதில்லையா? அதுபோல, கூட வேலை செய்கிற ஒருவர் மனசு உடைந்து நிற்கும்போது என்ன பேசுவது, என்ன பேசக் கூடாது, எப்படி டாக்டரிடம் கொண்டு சேர்ப்பது என்கிற பயிற்சி. பட்டாணி தானாகவே பெயர் கொடுத்தாள்.

போன வாரம், மடிப்பு மேசையை விட்டு வகுப்புக்குக் கிளம்பியவளை எல்லார் முன்னாலும் விசிலடித்து நிறுத்தினாள் நாத்தனார்.

"மனசுக்கு முதலுதவியாம்! மனசு எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல அந்த நர்ஸைக் காட்டச் சொல்லு!"

எல்லாரும் சிரித்தார்கள். பட்டாணிக்கு முகம் எரிந்தது. வாய் முந்திக்கொண்டது.

"எல்லாருக்கும் எங்கே இருக்குன்னு காட்டிடுவாங்க அண்ணி. உங்களுக்குத்தான் இருக்கான்னே சந்தேகமா இருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. வீட்டில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

* * *

வகுப்பு நடப்பது சாப்பாட்டு அறையின் ஒரு மூலையில். பயிற்சி கொடுக்க வரும் நர்ஸம்மா பருமனான, நிதானமான பெண்மணி. பேசும்போது நாற்காலியைக் கேட்பவரின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"மேனேஜர் மதியம் வர்றாரு," என்றார். "இதை எல்லா ஷிப்டுக்கும் கொடுக்கலாமா, இத்தோட நிறுத்தலாமான்னு இன்னைக்கு முடிவு பண்ணப் போறாங்க. நீங்க பயப்படாதீங்க. கேட்டா கத்துக்கிட்டதைச் சொல்லுங்க."

"நிறுத்தத்தான் போறாங்களாம்," என்றார் இஸ்திரிப் பிரிவிலிருந்து வந்தவர். "உற்பத்தி குறையுதுன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

நர்ஸம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. மனசு கஷ்டத்துல இருக்கறவங்க எல்லாரும் அழுதுட்டே இருப்பாங்கன்னு நினைக்காதீங்க. சிலர் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவாங்க. தூங்க மாட்டாங்க. செஞ்ச வேலையையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாங்க. நாம 'சரியான சிடுமூஞ்சி'ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம்."

பட்டாணியின் கை மேசை மேல் அசையாமல் நின்றது.

விடியுமுன்பே எழுந்து ஹாலில் நடக்கும் காலடிச் சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி வந்து குமிழைத் தொட்டுப் பார்த்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பது. "உங்க அக்காவுக்கு என்மேல அவ்வளவு சந்தேகம்! நான் அடுப்பை அணைக்க மாட்டேனாம்!" என்று கணவனிடம் எத்தனை முறை பொருமியிருக்கிறாள்!

எப்போதிலிருந்து இப்படி? சட்டென்று நினைவுக்கு வந்தது. மூன்றாம் நம்பர் உருளையில் அந்த விபத்து நடந்த பிறகு.

ஈர விரிப்பை உள்ளே இழுத்து, சுடச்சுடத் தேய்த்து வெளியே தள்ளும் ராட்சச உருளை அது. புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தியின் சட்டைக் கை அதில் சிக்கிக்கொண்டது. அலறல் கேட்டுப் பாய்ந்து போய் நிறுத்தும் பொத்தானை அடித்தவள் நாத்தனார்தான். அந்தப் பெண்ணின் கை பிழைத்தது. உருளையைப் பிரித்துப்போட்டார்கள். புதுப் பாகங்கள் வந்து சேர மாதங்கள் ஆயின. ஆலையில் கூட்டம் போட்டு நாத்தனாருக்குக் கைதட்டினார்கள். அவளும் சிரித்த முகமாக நின்றாள். அதோடு எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

எல்லாரும்.

சாப்பாட்டு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கரகரப்பு எழுந்தது. பிறகு நீண்ட உறுமல். மூன்றாம் நம்பர் ஓட ஆரம்பித்துவிட்டது.

பழுது பார்த்த இயந்திரம் ஓடினால் விசில் சத்தம் காதைக் கிழிக்க வேண்டும். 'வரிசை போடு', 'வண்டியைத் தள்ளு' என்று அதட்டல் பறக்க வேண்டும். பட்டாணி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். விசில் வரவே இல்லை.

"நர்ஸம்மா, நான் கொஞ்சம் வெளியே போய்ட்டு வரேன்," என்று எழுந்தாள்.

* * *

உருளைகளுக்குப் பக்கத்தில் நாத்தனார் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் இல்லை.

"இப்பதான் கிடங்குப் பக்கம் போனாங்க. யாரையோ அடிக்கப் போற மாதிரி வேகமா போனாங்க," என்றான் தள்ளுவண்டிக்காரன்.

துணிக்கிடங்கில் கூரைவரை வெள்ளை விரிப்புகள் அடுக்கியிருந்தன. உள்ளே போனால் வெளிச் சத்தம் பாதியாகிவிடும். கடைசி அடுக்குக்குப் பின்னால், தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். முகத்தில் வேர்வை. வாயைத் திறந்து திறந்து காற்றைப் பிடித்தாள். ஒரு கை நெஞ்சைப் பற்றியிருந்தது.

பட்டாணியைப் பார்த்ததும், அந்த நிலையிலும், கண்ணில் கோபம் வந்தது. "போ. போய் வேலையைப் பாரு."

ஓடிப்போய் ஊரைக் கூட்டலாமா என்று பட்டாணிக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த ஆசையை அடக்கிக்கொண்டாள்.

"போறேன் அண்ணி. அதுக்கு முன்னாடி பக்கத்துல கொஞ்சம் உக்காரலாமா?"

நாத்தனார் காலை மடக்கி இடம் விட்டாள். பட்டாணி ஒரு கை தூரம் விட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

"அடைக்குது. கை மரத்துப் போச்சு. செத்துருவேன் போலிருக்கு..."

வாசலில் வேனில் துணி ஏற்றிக்கொண்டிருந்த கணவனைப் பட்டாணி கைபேசியில் கூப்பிட்டாள். "சாப்பாட்டு அறையில நர்ஸம்மா இருக்காங்க. சத்தம் போடாம கிடங்குக்குக் கூட்டிட்டு வாங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க."

பிறகு நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "நர்ஸம்மா வர்றாங்க. நான் எங்கேயும் போகல. என்கூடச் சேர்ந்து மூச்சை மெதுவா வெளியே விடுங்க. அவசரமே இல்ல. இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, விடறதை மட்டும் பாருங்க."

பட்டாணி தானும் நீளமாக ஊதினாள். முதலில் நாத்தனாரால் முடியவில்லை. பாதியில் விக்கி நின்றது. மறுபடி ஊதினாள். மறுபடியும்.

தம்பி நர்ஸம்மாவோடு வந்து சேர்ந்தான். தரையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. "அக்கா! உனக்கு ஒண்ணுமில்லக்கா! எதையாச்சும் யோசிச்சுக் குழப்பிக்காதே! தைரியமா இருக்கா, நீயே இப்படி..."

"நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க," என்றாள் பட்டாணி. "பேசாம இருங்க, போதும்."

இந்தக் குரலில் அவள் பேசி அவன் கேட்டதே இல்லை. உட்கார்ந்தான்.

நர்ஸம்மா நாடி பார்த்தார், கேள்விகள் கேட்டார். "இது திடீர்னு வர்ற பீதி மாதிரி தெரியுது. மூச்சும் அடங்கிட்டு வருது. ஆனா நெஞ்சு அடைச்சதால இன்னைக்கே டாக்டரைப் பார்த்தே ஆகணும், விடக் கூடாது. திரும்ப வலிச்சா ஆம்புலன்ஸ்தான்," என்றார். எழுந்து பட்டாணியின் தோளைத் தொட்டார். "நான் வாசல்லதான் நிக்கிறேன். யாரும் உள்ளே வராம பார்த்துக்கறேன். நீ பேசு."

வெளியே மூன்றாம் நம்பர் உறுமிக்கொண்டிருந்தது.

"அந்தச் சத்தம்," என்றாள் நாத்தனார். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஓட ஆரம்பிச்சதும் அவ அலறினது கேட்டுச்சு. நிஜமாவே கேட்டுச்சுடீ. திரும்பிப் பார்த்தா யாருமே இல்ல."

பட்டாணி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ராத்திரியில கண்ணை மூடினா அதுதான். அடுப்பை அணைச்சிட்டேன்னு தெரியும். ஆனா கை போய்த் தொடாம நிக்காது. மேடையில நிக்க வச்சு எனக்குக் கை தட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? எவ்வளவு பேர் தட்டினாங்க! நீ எப்படி இருக்கேன்னு ஒருத்தர் கேக்கலியே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீகூடக் கேக்கல."

"ஆமா அண்ணி. கேக்கல," என்றாள் பட்டாணி. "இப்பக் கேக்கறேன். எப்படி இருக்கீங்க?"

அணை உடைந்தது. ஷிப்டே நடுங்கும் அந்தப் பெண், மடியில் கிடந்த ஒரு தலையணை உறையில் முகத்தைப் புதைத்து அழுதாள். தம்பி எழப் போனான். பட்டாணி கண்ணாலேயே அவனை அமர்த்தினாள்.

அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அடுத்துக் கேட்க வேண்டியது நெஞ்சில் கல்லாக நின்றது. வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினார்கள். அப்போதே நாக்கு புரளவில்லை. 'கேட்டா அந்த நினைப்பை நாமே விதைச்ச மாதிரி ஆகாதா?' என்று அவளே நர்ஸம்மாவிடம் கேட்டாள். 'இல்லம்மா. கேட்டா அவங்களுக்குப் பாரம்தான் குறையும்,' என்றார் அவர். சொல்வது சுலபம். எதிரில் இருப்பது சொந்த நாத்தனார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். நேராவே கேக்கறேன். செத்துடலாம்னு எப்பவாவது நினைச்சீங்களா?"

"ஏய்!" தம்பி பதறிப்போய்க் கத்தினான். "என்ன கேள்வி கேக்கறே நீ!"

"அவளைத் திட்டாதடா," என்றாள் நாத்தனார்.

நிமிர்ந்து பட்டாணியின் முகத்தைப் பார்த்தாள். போன வாரத்திலிருந்து இருவரும் கோபமில்லாமல் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது இப்போதுதான்.

"ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைச்சதில்ல. ஆனா, தூங்கினா அப்படியே எந்திரிக்காம இருந்துட்டா நல்லா இருக்கும்னு தோணும். பல நாள் தோணியிருக்கு." மூச்சை விட்டாள். அந்த மூச்சு இப்போது நடுங்காமல் வந்தது. "இதை வெளியே சொல்ல முடியும்னு நான் நினைக்கவே இல்ல."

தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

"சொன்னது நல்லது அண்ணி. இது உங்க குணமும் இல்ல, பலவீனமும் இல்ல. வைத்தியம் இருக்கற விஷயம். நெஞ்சுக்குப் பார்க்கற டாக்டர்கிட்டயே இதையும் சொல்லுவோம், மனநல டாக்டர்கிட்ட அவரே அனுப்புவார். இன்னைக்கே போகலாமா?"

"நீ வருவியா?"

"இது என்ன கேள்வி?"

"போன வாரம் நான் உன்னை..."

"நானும்தான் பேசினேன். என் நாக்கை இழுத்து வச்சு அறுக்கணும். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். அப்புறம் சாவகாசமா சண்டை போட்டுக்கலாம்."

நாத்தனார் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உடனே கவலை. "வெளியே யாருக்கும் தெரியக் கூடாது."

"என் வாயிலிருந்து வராது. சத்தியமா."

* * *

நாத்தனார் முகம் கழுவிக் கிளம்புவதற்குள் பட்டாணியைச் சாப்பாட்டு அறையில் தலையைக் காட்டிவிட்டு வரச் சொன்னார் நர்ஸம்மா. தம்பி அக்காவோடு இருந்தான். பட்டாணி உள்ளே நுழைந்தபோது மேனேஜர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு கண் எப்போதும் கடிகாரத்தில் இருக்கும்.

"நல்ல விஷயம்தான், நான் இல்லைன்னு சொல்லல," என்றார். "ஆனா ஷிப்ட் நேரத்துல ஆளை எடுத்தா வேலை நிக்குது. இதனால என்ன பிரயோஜனம்? யாருக்காவது உதவிச்சா? ஒரு உதாரணம் சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு. மேலிடத்துல பேசறேன்."

நர்ஸம்மா பட்டாணியைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்.

"நீ சொல்லும்மா," என்றார் மேனேஜர் பட்டாணியிடம். "வகுப்பு நேரத்துல பாதியில எழுந்து போயிட்டேன்னு சொன்னாங்க. எங்கே போனே?"

பட்டாணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் இந்தப் பயிற்சி பிழைத்துவிடும். இந்த ஆலையில் இன்னும் எத்தனை பேர் எந்தெந்த மூலையில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிறார்களோ, அவர்களுக்கெல்லாம் ஒரு துணை கிடைத்துவிடும்.

"சொல்ல முடியாது சார்," என்றாள்.

"ஏன்?"

"ஒருத்தர் நம்மை நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது சார். உயிருக்கு ஆபத்துன்னாதான் உதவி செய்யறவங்ககிட்டச் சொல்லணும். இங்கே முதல்ல கத்துக்கிட்டது அதுதான்."

மேனேஜர் பேனாவை மூடினார். "அப்போ என்கிட்ட சொல்ல எதுவும் இல்லை. சரி..."

"இருக்கு," என்று கதவருகே ஒரு குரல் கேட்டது.

நாத்தனார் நின்றிருந்தாள். முகம் கழுவித் தலை வாரியிருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது. பின்னால் தம்பி கையில் வேன் சாவியோடு.

"உதாரணம் கேட்டீங்களே, நான்தான் அது."

உள்ளே வந்து மேனேஜருக்கு எதிரில் நின்றாள்.

"மூணாம் நம்பர் ஓட ஆரம்பிச்சதும் என்னால நிக்க முடியல சார். கிடங்குல போய் ஒளிஞ்சுக்கிட்டேன். செத்துருவேன்னு நினைச்சேன். இந்தப் பொண்ணு வந்து பக்கத்துல உக்காந்தா. புத்தி சொல்லல. பரிதாபப்படல. கேட்டா. இத்தனை மாசமா யாருமே கேக்காததைக் கேட்டா. நான் இப்போ டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேன்." கழுத்து விறைத்தது. இப்போது நின்றவள் எல்லாருக்கும் தெரிந்த 'விசில்'. "போன வாரம் எல்லார் முன்னாடியும் இவளைக் கிண்டல் பண்ணினேன். அதான் இப்பவும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். இந்தப் பயிற்சியை நிறுத்தக் கூடாது. எல்லா ஷிப்டுக்கும் கொடுக்கணும். முதல்ல சூப்பர்வைசருங்களை உக்கார வைங்க. எங்களுக்குத்தான் ரொம்பத் தேவை."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனார்.

"எனக்கு எதுவும் தெரியாதேம்மா," என்றார் கடைசியில். "அன்னைக்கு முதல்ல கை தட்டினவனே நான்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." எழுந்து நின்றார். "எல்லா ஷிப்டும். மேலிடத்துல நான் பேசிக்கறேன். முதல் பெயரா என் பெயரைப் போட்டுக்கங்க நர்ஸம்மா. நீங்க கிளம்புங்க, எத்தனை நாள் லீவு வேணுமோ எடுத்துக்கங்க."

இஸ்திரிப் பிரிவுக்காரர் கைதட்ட ஆரம்பித்தார். சட்டென்று நிறுத்தி, சங்கடமாக நாத்தனாரைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க. தட்டலாமா?"

"தட்டுங்க," என்றாள் நாத்தனார். "ஆனா எனக்கில்ல. இவளுக்கு." பட்டாணியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "என் பட்டாணிக்கு."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்தில், என்ன ஏதென்று தெரியாமலேயே சிலர் கைதட்டினார்கள்.

* * *

வேனில் முன்சீட்டில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டாணி நடுவில். நாத்தனாருக்குப் பயம் முழுவதும் போய்விடவில்லை.

"டாக்டர்கிட்ட எதிலேருந்து ஆரம்பிக்கறது?"

"தூக்கம் வரலேன்னு ஆரம்பிங்க. மத்ததை அவங்களே கேப்பாங்க."

"நடுவுல நான் பேச்சை மாத்தினா?"

"நான் விடமாட்டேன். அடுப்பு, சத்தம், எல்லாத்தையும் சொல்ல வைப்பேன்."

"ரொம்பத்தான் அதிகாரம்!"

"யார்கிட்ட கத்துக்கிட்டேன்?"

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! பட்டாணிக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. சிவப்பு விளக்கு பச்சையாகியும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

"என்னங்க, போங்க!"

அவன் வண்டியை மெதுவாக ஓரம்கட்டினான். இன்ஜினை அணைத்தான். நெற்றியில் வேர்வை.

"நீங்க ரெண்டு பேரும் இப்படி ராசியாவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல," என்றான். "நினைச்சிருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன்."

"என்னடா செஞ்சே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். இவர்கள் வீட்டுச் சாவி இல்லை, வேன் சாவியும் இல்லை. புதிதாய்ப் பளபளக்கும் இரண்டு சாவிகள்.

"சண்டை தாங்க முடியலக்கா. நேத்து ஒரு வீடு பார்த்து முடிச்சுட்டேன். எனக்கும் இவளுக்கும், தனியா. வர்ற ஞாயித்துக்கிழமை வர்றோம்னு வீட்டுக்காரர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"என்னது?" என்றார்கள் இரண்டு பெண்களும், ஒரே குரலில்.